மூன்று படி வைத்த வாசல்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். மாமாவுக்கு இடது கை போன மாதத்தைவிடக் கொஞ்சம் தூக்க வருகிறது. தேநீர் டம்ளரை இப்போது இரண்டு கையாலும் பிடிக்கிறார். உன் வீட்டுக்காரிக்குத் தும்மல் நின்றதா? குழந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

போனில் பேசாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நீ "ம்" கொட்டுவாய். கடிதத்தில் "ம்" கொட்ட முடியாது, ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும்.

நம் தெருவைப் புதிதாகப் போடப் போகிறார்களாம். நகராட்சி அலுவலகப் பலகையில் படம் ஒட்டியிருக்கிறது. நான்கு மரம், ஒரு பெஞ்சு, சைக்கிளில் ஒரு பெண், கையில் பலூனோடு ஒரு குழந்தை. நாற்பத்தாறு வருடமாக இந்தத் தெருவில் இருக்கிறேன், பலூன் விற்று நான் பார்த்ததில்லை. அதுகூடப் பரவாயில்லை. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில், தெரு மட்டம் சுவரிலிருந்து சுவர்வரை இருபது சென்டிமீட்டர் உயரும் என்று போட்டிருக்கிறது.

பகுதி என்ஜினீயரிடம் கேட்டேன். "தெரு உசருதுன்னு எழுதியிருக்கு சார். எங்க வீடு கூடவே உசருமா?"

"பெரிய கம்பெனி டிசைன் மேடம். எல்லாத்தையும் யோசிச்சுத்தான் போட்டிருப்பாங்க."

யோசித்தார்களாம். நம் தெருவில் ஒரு நாள் கால் வைத்திருந்தால் இப்படி வரைவார்களா? நீயும் இதே தொழில்தானே, தெரு வரைகிறவன். இந்த இருபது சென்டிமீட்டர் எதற்கு என்று எனக்குப் புரியும்படி எழுது. நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவள், கம்பியைச் சுற்றச் சொன்னால் சுற்றுவேன். இந்தப் படம் எனக்குப் பிடிபடவில்லை.

மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
அக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். அவளுக்குத் தும்மல் காலையில் மட்டும் இருக்கிறது. குழந்தை இளைத்தாலும் கொழுத்தாலும் வாய் மட்டும் குறையவில்லை, உன்னைப் போலவே. மாமா கையைப் பற்றி எழுதியது மனதுக்கு நிம்மதியாக இருந்தது.

நீ பயப்படும்படி அதில் ஒன்றும் இல்லை. தெருவை ஒரே மட்டமாக உயர்த்தினால் வண்டிகள் தாமாகவே மெதுவாகப் போகும், நடப்பவர்களுக்கு மேடு பள்ளம் இருக்காது. அகலமான சாலைக்குச் செய்வதை ஒடுக்கமான தெருவுக்குச் செய்யக் கூடாது, தெரு அதன் வீடுகளையும் சரிவையும் பார்த்து அமைய வேண்டும் என்றுதான் இப்போதெல்லாம் யோசிக்கிறார்கள். எங்கள் அலுவலகக் கூட்டங்களில் நானே இதைப் பேசுவேன்.

நம் வீட்டுக்கு மூன்று படி இருக்கிறதே. இருபது சென்டிமீட்டர் உயர்ந்தாலும் ஒரு படியும் கொஞ்சமும்தான் போகும். தையல் கடைக்கு எதிரே, நம் வாசலை ஒட்டி ஒரு பெஞ்சு வருவது மாமாவுக்கு நல்லதுதானே.

வேலை நெருக்கடி. மாமாவுக்கு என் வணக்கம்.

அன்புத் தம்பி

*

பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். முதலில் இதற்குப் பதில் சொல். மூன்று படியா? எந்த வீட்டுக்கு?

முதல் படி நீ படிக்கப் போன மறு வருடம் போயிற்று. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தாரைக் கொட்டினார்கள். இரண்டாவது ஒன்பது வருடம் முன்பு, குடிநீர்க் குழாய் புதைத்து மூடியபோது. மூன்றாவது போய் நான்கு வருடம். இப்போது வாசலும் தெருவும் ஒரே மட்டம், நடுவில் நான் பூசிய இரண்டு விரல் சிமெண்டுதான் வரப்பு. அம்மா போனபோது நீ வந்தாயே, அப்போதே படி இரண்டுதான். ஒன்றரை நாள் இருந்தாய், வந்தவர்களின் செருப்புக் குவியலில் எங்கே பார்த்திருப்பாய்? அதற்கப்புறம் பதினொரு வருடம் ஆகிறது. நாங்கள்தான் இரண்டு முறை அங்கே வந்தோம்.

படி போனதில் ஒரே ஒரு நல்லது நடந்தது. மாமாவுக்குப் பக்கவாதம் வந்தபோது சக்கர நாற்காலி யாரும் தூக்காமல் தெருவில் இறங்கிற்று. காலை பத்து மணிக்கு அவரே உருட்டிக்கொண்டு முனை டீக்கடைக்குப் போகிறார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். இப்போது அறுபது அடி தூரம்தான் அவர் ஓட்டுவது, அதற்கே முகத்தில் என்ன பெருமை தெரியுமா? தெரு உயர்ந்தால் அந்த அறுபது அடியும் போச்சு. மழை பெய்தால் மேல் தெருத் தண்ணீர் முழுவதும் என் முன்னறைப் பட்டறையில்தான் வந்து நிற்கும்.

இன்னொன்று கேள். இன்று போய்ச் சத்தம் போட்டேன். கோப்பைப் புரட்டிவிட்டு என்ஜினீயர் சொல்கிறார்: "இடத்தை நேர்ல பார்த்தாச்சுன்னு டிசைன்காரங்க எழுதிக் குடுத்திருக்காங்க மேடம். வீட்டு மட்டம் தெருவைவிட நாற்பத்தஞ்சு சென்டிமீட்டர் உயரம்னு போட்டிருக்கு." கீழே கையெழுத்தும் இருக்கிறதாம். பெயர் சொல்ல மாட்டாராம்.

நேரில் பார்த்தானாம், புளுகன். வராத இடத்துக்கு வந்தேன் என்று கையெழுத்துப் போட எப்படி மனம் வந்தது? அவன் வீட்டு வாசலில் நாலு லாரி ஜல்லி கொட்டினால் அப்போது தெரியும். அவன் யார் என்று விசாரித்துச் சொல்.

எல்லோரும் நலம்தானே?

அக்கா

*

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

மூன்று வாரம் ஆகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? இங்கே மாமா நலம். எனக்குத்தான் வயிற்றெரிச்சல், அதற்கு மருந்து கிடையாது.

நேற்று இரண்டு பேர் வந்து வீட்டுக்கு வீடு சிவப்புப் பெயிண்டால் கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். புதுத் தெரு அந்த உயரத்துக்கு வருமாம். நம் வாசலில் கோடு வரப்புக்கு மேல் ஒரு சாண். மாமா நாற்காலியை ஓரமாக நிறுத்திப் பார்த்தார். கோடு அவர் சக்கரத்தின் பாதிக்கு வருகிறது.

"பரவாயில்ல விடு, இனிமே நான் டீ குடிக்கப் போகல," என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எதிர்வீட்டுத் தையல்காரர், மேல் முனை வீட்டுப் பூட்டுக்காரர், நான், மூன்று பேரும் சேர்ந்து மனுக் கொடுக்கப் போகிறோம். பூட்டுக்காரர் கேட்கிறார், "உங்க தம்பி இதே வேலைல பெரிய ஆளாச்சே, ஒரு வார்த்தை சொன்னா நடக்காதா?" நான் என்ன சொல்ல? சொல்லுவான் என்று சொல்லிவிட்டேன். பொய் எழுதிக் கொடுத்தவன் பெயரையும் மனுவில் போட வேண்டும் என்கிறார் தையல்காரர். எனக்கும் அதே எண்ணம்தான்.

பதில் போடு.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அவளுக்குக் காய்ச்சல், எனக்கு அலுவலகத்தில் தலைக்கு மேல் வேலை. இப்போது எல்லோரும் நலம். மாமா டீ குடிக்கப் போகவில்லை என்று சொன்னதைப் படித்துவிட்டு எனக்கு அன்று வேலை ஓடவில்லை.

மனுவில் யார் பெயரும் வேண்டாம் அக்கா. அந்தப் படிவத்தை எழுதியவன் வேண்டுமென்று பொய் எழுதியிருக்க மாட்டான். தெரிந்த இடம் என்று நினைத்திருப்பான். ஒரே சமயத்தில் பதினொரு தெரு கொடுத்து ஒரு வாரத்தில் முடி என்பார்கள். இது சப்பைக்கட்டு இல்லை, இந்த வேலை நடக்கும் விதத்தைச் சொல்கிறேன்.

கோபத்தைவிட அளவுக்குத்தான் அலுவலகத்தில் மதிப்பு. கொத்தனார்களிடம் இருக்குமே, தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய், கண்ணாடி மாதிரித் தெரியும் நீள பிளாஸ்டிக் டியூப், அதை வாங்கிக்கொள். ஒரு முனை தெரு நடுவில், மறு முனை வாசலில். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அங்கிருந்து தரை எவ்வளவு கீழே என்று இரண்டு பக்கமும் அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். நாற்பத்தொரு வீட்டையும் அளந்து பட்டியல் போடு. குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி

*

ஏப்ரல் 18

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அப்படியே என்று நினைக்கிறேன்.

அளந்துவிட்டோம். தெரு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்து குழாயின் ஒரு முனையை மாமா பிடித்துக்கொண்டார். மறு முனை நான். எழுதியது தையல்காரர், அதனால் இலக்கமெல்லாம் சட்டை அளவு மாதிரி இருக்கிறது. வண்டிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். மாமா அசையவே இல்லை. "வேல நடக்குது, சுத்திப் போ," என்று ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பினார். மூன்று வருடத்தில் அவர் குரல் அவ்வளவு பலமாக வந்து நான் கேட்டதில்லை.

நாற்பத்தொரு வீட்டில் ஆறுதான் தெருவைவிட உயரம். இருபத்து நான்கு ஒரே மட்டம். பதினொன்று இப்போதே பள்ளம். நாற்பத்தைந்து சென்டிமீட்டர் உயரம் ஒரு வீடுகூட இல்லை. ஒரு தையல்காரர், ஒரு சீக்காளி, ஒரு காயில்காரி ஒரு பிற்பகலில் செய்த வேலை இது. பெரிய கம்பெனிக்கு முடியவில்லையாம். நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

பட்டியலைக் கொடுக்கப் போனபோது கோப்பு வைத்திருக்கும் கிளார்க்கம்மா அந்தப் படிவத்தை எனக்குக் காட்டினார். அவர் வீட்டுப் பம்ப் மோட்டாருக்குப் போன வருடம் நான்தான் காயில் கட்டினேன். கையெழுத்து கோழி கிறுக்கியது மாதிரி, பெயர் தெரியவில்லை. ஆனால் மேலே டைப் அடித்திருந்ததை முழுவதும் படித்தேன். "தெருவின் மேல் முனையில் பொதுக் குழாயடி, அருகில் துணி துவைக்கும் கல்" என்று எழுதியிருக்கிறது. குழாயடியை இடித்து ஒன்பது வருடம் ஆகிறது. கல் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.

அதைப் படித்தபின் நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். மனுவில் அந்த ஆளின் பெயருக்கு விட்டிருந்த இடத்தை அடித்துவிடச் சொன்னேன். தையல்காரருக்குக் காரணம் புரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். எழுத ஏதாவது இருந்தால் எழுது.

அக்கா

*

மே 22

தம்பிக்கு,

ஒரு மாதம் தாண்டியும் உன் கடிதம் இல்லை.

மனுவைப் பரிசீலிக்கிறோம் என்று சொல்லிவிட்டே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். மேல் முனையிலிருந்து நம் வீடுவரை ஜல்லி கொட்டிவிட்டார்கள். அடுத்த நாளே மழை. ஒரு மணி நேர மழைதான். தண்ணீர் வரப்பைத் தாண்டி முன்னறைக்குள் வந்தது. நான் வாளியும் கையுமாக நிற்கிறேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடி, தரையில் இருந்த காயில் மூன்றை எப்படியோ எட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். கட்டி முடித்து வார்னிஷ் காயாத காயில்கள். சட்டையெல்லாம் வார்னிஷ். தண்ணீர் அவர் செருப்புக்கு மேல் நிற்கிறது. "இது நனையல, பாத்துக்க," என்று மட்டும் சொன்னார்.

பத்தொன்பது நாளாக அவர் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. டீக்கடைக்காரர் டீயைக் கொண்டுவந்து கொடுக்கிறார். மாமா வாங்கி ஓரமாக வைத்துவிடுகிறார், குடிப்பதில்லை.

உனக்கு நான் நலமாக இருக்கிறேன் என்று எழுத வேண்டுமா? எழுத மாட்டேன்.

அக்கா

*

மே 28

அக்கா,

நீ நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. அந்தப் புளுகன் நான்தான்.

பட்டியலில் நம் தெருவின் பெயரைப் பார்த்ததும் நானே கேட்டு வாங்கினேன். நம் தெருவுக்கு நல்லதாக ஒன்று செய்ய வேண்டும் என்று ஆசை. எல்லாத் தெருவுக்கும் நேரில் போய்ப் பார்த்துப் படிவம் நிரப்ப வேண்டும். பத்துத் தெருவுக்குப் போனேன். நம் தெருவுக்கு மட்டும் போகவில்லை. "நான் பொறந்த தெரு சார், கண்ண மூடிக்கிட்டு வரைவேன்," என்று மேலதிகாரியிடம் பெருமையாகச் சொன்னேன். அப்படியேதான் வரைந்தேன்.

பத்து வயதில் மர ஸ்கேலை வைத்து ஊரையே அளந்துகொண்டு திரிவேன், நீகூட என்னை ஸ்கேல் என்றுதான் கூப்பிடுவாய். நம் படி ஒவ்வொன்றும் பதினைந்து சென்டிமீட்டர். அந்த எண் எனக்கு மறந்ததே இல்லை. அதைத்தான் எழுதினேன். பெஞ்சை மாமாவை நினைத்துத்தான் போட்டேன்.

உன் இரண்டாவது கடிதம் வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். புளுகன் என்று நீ எழுதியிருந்ததைப் பார்த்ததும், பதில் எழுத எடுத்த தாளை மடித்து வைத்துவிட்டேன். போன வாரம் மேலதிகாரியிடம் சொன்னேன். "இப்ப ஒத்துக்கிட்டா கம்பெனி பேரே போயிடும், சும்மா இரு," என்கிறார். வேலையை நினைத்தால் பயமாக இருக்கிறது. குழந்தை சின்னவள்.

உங்கள் பட்டியலே போதும் அக்கா, அதை வைத்து விடாமல் கேட்டால் மாற்றித்தான் ஆக வேண்டும். படிவம் எழுதியது நான் என்று அங்கே யாருக்கும் தெரிய வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

*

ஜூன் 3

தம்பிக்கு,

எனக்குத் தெரியும். குழாயடியைப் படித்த அன்றே தெரியும். பெஞ்சு நம் வாசல் பக்கம் வருகிறது என்று நான் உனக்கு எழுதவே இல்லை, அதுவும் அன்றுதான் உறைத்தது. ஆறு வாரம் காத்திருந்தேன், நீயே சொல்வாய் என்று.

தப்பாக எழுதியதற்கு எனக்குக் கோபம் இல்லை என்று நினைக்காதே. வண்டி வண்டியாக இருக்கிறது. ஆனால் அதைவிட, நான் அவனைத் திட்டத் திட்ட நீ படித்துவிட்டு, அவன் வேண்டுமென்று எழுதியிருக்க மாட்டான் என்று எனக்கே பாடம் நடத்தினாயே, அதுதான் ஆறவில்லை. யாரிடம் பூசி மெழுகுகிறாய்? உன் மூக்கைத் துடைத்துவிட்டவள் நான்.

மேலதிகாரிக்குப் பயப்படுகிறாய், சரி. நாற்பத்தொரு வீட்டுக்கு யார் பயப்படுவது?

ஜூன் 20 காலை நகராட்சியில் விசாரணை வைத்திருக்கிறார்கள். அங்கே என்ஜினீயர் மறுபடியும் அந்தப் படிவத்தைத்தான் தூக்கிக் காட்டுவார். காயில்காரி பட்டியலா, பெரிய கம்பெனி படிவமா என்றால் எது நிற்கும் என்று உனக்கே தெரியும். உன் பெயரை நான் சொல்ல மாட்டேன். மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. அது என் வாயால் வர வேண்டியது இல்லை. பட்டியலுக்குக் கீழே ஒரு கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

வாசல் முன்னால் இருந்த ஜல்லியை மண்வெட்டியால் நானே வழித்து, நாற்காலி நிற்கிற அளவுக்குப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். மாமா அதுவரை வந்து உட்காருகிறார். அதற்கு மேல் ஜல்லி.

அக்கா

*

ஜூன் 12

அக்கா,

19ஆம் தேதி மாலை பஸ்ஸில் வருகிறேன். நான்கு நாள் விடுப்பு. அந்தக் கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் போட்டுவிடாதே.

தம்பி

*

ஜூலை 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மாமாவுக்கு இரண்டு நாளாகச் சளி, பயப்பட ஒன்றும் இல்லை. அங்கே எல்லோரும் சுகமா?

ஜல்லியை அள்ளிக்கொண்டு போகிறார்கள். கொட்டும்போது இருந்த சுறுசுறுப்பு அள்ளும்போது இல்லை. பழைய தாரையும் சுரண்டி எடுக்க வேண்டும் என்று நீ திருத்திக் கொடுத்த படம் இப்போது பலகையில் இருக்கிறது. தண்ணீர் வாசல் பக்கம் வராமல் தெரு நடுவில் வாய்க்கால் மாதிரி ஓடுமாம். பெஞ்சு இருக்கிறது. பலூன் குழந்தையை எடுத்துவிட்டாய், நல்லது. மேல் முனையில் கல் பதித்து முடித்த நான்கு வீட்டுக்கு மட்டும் இன்னும் பதில் இல்லை. பூட்டுக்காரர் வீடு அதில் ஒன்று. அவர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ஏப்ரலிலேயே நீ வாயைத் திறந்திருந்தால் அவர் வீடும் தப்பியிருக்கும். இதை நான் எழுதாமல் விட மாட்டேன்.

விசாரணையில் நீ எழுந்து, "அந்தப் படிவம் நான் எழுதினது. நான் வந்து பாக்கல," என்றபோது, தூக்கிக் காட்டிய படிவத்தை என்ஜினீயர் மேஜையில் கவிழ்த்து வைத்தார். அப்புறம் தையல்காரர் உன்னை வாய்க்கு வந்தபடி பேசினார். நான் தடுக்கவில்லை. நீ வாங்க வேண்டியதுதான் அது. ஆனால் நீ தலையைக் குனியாமல் நின்று கேட்டாய், அதையும் பார்த்தேன். வீட்டுக்கு வந்தபின் மாமா என்னிடம் கேட்டார், "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று. நான் உலை வைக்கப் போய்விட்டேன். அவரும் திருப்பிக் கேட்கவில்லை.

உன்னைத் தெரு வரைகிற பிரிவிலிருந்து மாற்றிவிட்டார்களாமே. நீ எழுதவில்லை. உன் வீட்டுக்காரி போனில் சொன்னாள். மறைக்கிற புத்தி உன்னை விட்டுப் போகாது போலிருக்கிறது.

நேற்று மாமா டீக்கடைக்குப் போனார். பாதி தூரம் ஜல்லி மிச்சம் இருந்தது, தையல்காரர் தள்ளிவிட்டார். திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு டீயாம்.

பஸ் ஏறும்போது, கோபம் போய்விட்டதா என்று கேட்டாய். போகவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அன்று மாலை நீ பையோடு வந்தாய். மாமா வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்து, வாசலில் காலை உயரத் தூக்கி வைத்தாய், படி இருக்கிற மாதிரி. அங்கே ஒன்றும் இல்லை. தடுமாறிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாய். மாமாவும் பார்த்தார், நானும் பார்த்தேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

படியைத் தேடிய அந்தக் காலை அப்போதே மன்னித்துவிட்டேன். கையெழுத்துப் போட்ட கையை இன்னும் இல்லை.

அக்கா